பெரியவர் பல்லைக் கடிக்கிறார்

டிராக்டர் மறுபடியும் பல்லைக் கடித்தது. கொட்டகையின் தகரச் சுவரெல்லாம் அந்தக் கறகறப்பு ஓடி அடங்கியது.

“பெரியவருக்கு என்னமோ கோவம்” என்றார் அவர், கியர் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டே. அந்த டிராக்டர் அவரைவிட வயதில் மூத்தது. அதனால் வீட்டில் அதற்குப் பெரியவர் என்றே பெயர்.

“உங்க அப்பா சாப்பாட்டுல உப்பில்லேன்னாகூட இப்படிப் பல்லக் கடிச்சதில்ல” என்றாள் மனைவி.

அவர் சிரித்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பு வாயின் வலப்பக்கம் மட்டும்தான் ஏறுகிறது. சொன்ன அவளால் கூடச் சிரிக்க முடியவில்லை.

எஞ்சினை அணைத்துவிட்டுக் கம்பியைத் தள்ளினார். சத்தமே இல்லாமல் முதல் கியர் விழுந்தது.

“பாத்தியா? ஓடாதப்போ விழுது, ஓடுறப்போ கடிக்குது. அப்போ பல்சக்கரத்துல கோளாறு இல்ல. கிளட்ச்தான் முழுசா விட மாட்டேங்குது. அடியில அந்தக் கம்பி நட்டு லூசா இருக்கான்னு கொஞ்சம் பாரேன்.”

கிளட்ச் மிதியிலிருந்து பின்னால் போகும் கம்பி அது. அதன் நட்டுத் தளர்ந்தால், மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பாதி வேலைதான் நடக்கும். மற்ற நாளாக இருந்தால் மிதி தொளதொளப்பதைக் காலே சொல்லியிருக்கும். இப்போது அந்த இடது கால் மரத்துக் கிடந்தது. குனியவும் முடியாது. அவருக்குப் பதிலாக அவள் அடியில் நுழைந்தாள்.

நட்டு லூசாகத்தான் இருந்தது. துருவேறிய திருகு மரையில் ஒரு விரல்கடை மட்டும் பளிச்சென்று புதிதாகத் தெரிந்தது. அவர் மதியம் தூங்கிக்கொண்டிருந்தபோது அவளே திருகித் தளர்த்திய இடம்.

“டைட்டாத்தாங்க இருக்கு.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேங்க.”

கல்யாணமான நாளிலிருந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பழகியவள். அவள் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் கேள்வி கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் தடவை அவர் வண்டியேறிய அன்று, கொட்டகைச் சரிவில் கிளட்ச் மிதியிலிருந்து கால் வழுக்கி, வண்டி துள்ளிப் பாய்ந்து, தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவர் சிரித்தார். கியர் விழாவிட்டால் பெரியவருக்கு வயசாகிவிட்டது என்று சொல்லி ஓட்டுவதையே விட்டுவிடுவார் என்றுதான் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, இது சரி, அது சரி என்று தள்ளிக்கொண்டே போகிற மனிதருக்குக் கடைசியில் தன் கால் மட்டும்தான் மிஞ்சும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவர் இடது தொடையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். “அப்போ இதுதான்” என்றார். வேறொருவருடைய பொருளைத் தட்டுவதுபோல இருந்தது.

சாயங்காலம் அவள் ரப்பர் பட்டையோடு வந்தாள். நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. ஒரு நுனியை அவள் பிடித்துக்கொள்வாள். மறு நுனியில் பாதத்தை மாட்டி அவர் தள்ளுவார். “கிளட்ச் போடுங்க” என்பாள். தள்ளுவார். “கியரை மாத்துங்க” என்பாள். காற்றில் கையை ஆட்டி எஞ்சின் சத்தம்கூடக் கொடுப்பார்.

அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். “செத்த காலுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?”

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள், கதவுக்குப் பின்னால் ஒதுக்கிவைத்திருந்த கைத்தடி மறுபடி வெளியே வந்தது. அந்தக் கால் தரையை உரசிக்கொண்டு அறை அறையாகப் போகும் சத்தத்தை அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். சரிவில் பாய்ந்த வண்டியைவிட அந்தச் சத்தம் பயமாக இருந்தது.

காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். “வாங்க, இன்னொரு தடவை பாத்துடலாம்.”

“எதுக்கு? உன் தம்பியை வந்து வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்லு.”

“அவன் தன் பைக்கையே தள்ளிக்கிட்டுத்தான் வர்றான். வாங்கன்னா வாங்க.”

அவர் தூங்கும்போதே முடுக்கியிருக்கலாம். ஒளிந்து செய்ததை மறுபடி ஒளிந்தே சரிசெய்ய அவளுக்குக் கை வரவில்லை. அவரை இருக்கையில் உட்காரவைத்து அடியில் படுத்தாள். ஸ்பேனர் திரும்புகிற சத்தம் மேலே கேட்டது.

“அழுத்துங்க.”

மிதி இறங்கியது. மேலே அவர் மிதியை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு, “இன்னும் அரைச் சுத்து” என்றார்.

வெளியே வந்து, மண்ணைத் தட்டாமல் நின்றாள். அவர் எஞ்சினைக் கிளப்பி, மிதியை அழுத்தி, கம்பியைத் தள்ளினார். கியர் பேசாமல் விழுந்தது. உடனே நடுநிலைக்கு இழுத்து எஞ்சினை அணைத்தார்.

“டைட்டா இருக்குன்னு சொன்ன.”

“லூசாத்தான் இருந்துச்சு. நான்தான் கழட்டினேன்.”

“சுவர்கிட்டப் போய் நின்னுச்சே, அதுக்கா?”

“ஆமாங்க.”

“எங்கிட்டச் சண்டை போட்டிருக்கலாமே?”

“போட்டேன். நீங்க சிரிச்சீங்க.”

அவர் அதை ஒத்துக்கொள்வதுபோல் ஸ்டியரிங்கைப் பார்த்தார். “ராத்திரியெல்லாம் இந்தக் காலைத் திட்டிக்கிட்டுக் கெடந்தேன். பாவம், அது ஒழுங்காத்தான் அழுத்தியிருக்கு.”

அவர் கையை நீட்டினார். ஸ்பேனரைக் கொடுத்தாள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம், வழக்கமாகத் தொங்கும் ஜன்னலில் ரப்பர் பட்டை இல்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு நுனியைக் கட்டில் காலில் கட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து, மறு நுனியில் பாதத்தை மாட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

“நான் பிடிச்சுக்கிறேங்க.”

“வேணாம். கட்டில் நல்லாத்தான் பிடிக்குது.”

பட்டை நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது. ‘கிளட்ச் போடுங்க’ என்பது அவள் வாய்வரை வந்து நின்றது. சொல்லாமல், வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.