சிவப்புச் சாயம் இடம் மாறியது

ஒட்மார் மலையேறும்போது விழுந்து இறந்து ஐந்து மாதமாகியும், அவன் செய்துவைத்த கடைசி மாதிரி வெற்றிடக் கலனுக்குள்ளேயே இருந்தது. வெள்ளித் தகட்டின் மேல் சிவப்புச் சாயத்தை ஒரே ஒரு மூலக்கூறின் கனத்துக்குப் படியவிட்டிருந்தான். கிராட்ஸ் நகர ஆய்வகத்தில் யாருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை.

அந்தச் சாயத்தைப் பற்றி அவனும் அவனோடு வேலை பார்த்த கெர்லிண்டேயும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்திருந்தது. மூலக்கூறுகள் நீள வரிசைகளாகப் படுத்திருக்கின்றன, அதுதான் முடிவான அமைப்பு என்பது அவள் கட்சி. எழுதும்போதே ஒட்மாருக்கு அதில் சம்மதமில்லை.

"அதுங்க இன்னும் இடம் பார்த்து உக்காரவே இல்ல கெர்லிண்டே. வந்த களைப்புல கெடக்குதுங்க. கொஞ்ச நாள் விட்டுப் பாரேன்," என்றான்.

வேறு குழு முந்திவிடுமோ என்ற பதற்றத்தில் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனும் வாக்குவாதம் பண்ணாமல் ஒப்புக்கொண்டான். கட்டுரையை அனுப்பிய இரண்டாவது வாரம் அவன் இறந்த செய்தி வந்தது.

கலன்களைப் பார்த்துக்கொள்ளும் தெக்லா ஒரு காலையில் வந்து, அடுத்த சோதனைக்கு அந்த வெள்ளித் தகடு வேண்டும், துடைத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அதற்குமுன் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று கெர்லிண்டே அதை ஊசிமுனை நுண்ணோக்கியில் வைத்தாள்.

திரையில் படம் கோடு கோடாக இறங்கியது. பழைய வரிசைகளைக் காணோம். மூலக்கூறுகள் இரண்டிரண்டாக நெருங்கி, சாய்ந்து, முற்றிலும் வேறு அடுக்காக அமைந்திருந்தன. அவன் மண்ணுக்குள் கிடந்த ஐந்து மாதமும், யார் கையும் படாமல், அவை மெல்ல மெல்ல நகர்ந்திருக்கின்றன. கெர்லிண்டேவுக்குப் பிடரி சில்லிட்டது. தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். தெக்லாதான் நின்றிருந்தாள்.

"அழுக்கு ஏதாச்சும் படிஞ்சிருக்கும்," என்றாள் தெக்லா.

அழுக்காகவே இருக்கட்டும் என்று கெர்லிண்டே வேண்டிக்கொண்டாள். வேறொரு தகட்டில் புதிதாகச் சாயம் படியவிட்டு, மாதக்கணக்கில் நடப்பது சீக்கிரம் நடக்கட்டும் என்று இளஞ்சூட்டில் வைத்தாள். மறுநாளே வரிசைகள் கலைந்து, அதே அடுக்கு வந்து நின்றது.

தான் எழுதியது தவறு, ஒட்மார் சொன்னதே சரி என்று திருத்தம் எழுதி இதழுக்கு அனுப்பினாள். அவன் தகட்டைத் தானே சுத்தம் செய்தாள். திரையில் வெறும் வெள்ளி மட்டும் தெரிந்தபோது அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எந்த மாதிரியையும் ஒரு மாதம் தொடாமல் வைக்கிறாள். எடுத்துப் பார்க்கும் நாளில் மட்டும் தெக்லாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறாள். ஏன் என்று தெக்லா கேட்டதில்லை.