ஒரே ஆணியில் இரண்டு

மூன்று பேர் இருந்தால் குழப்பம் தீரும் என்று பாடத்தில் எழுதி வைத்தவன் என் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். நாங்களும் அண்ணன் தம்பிகள் மூன்று பேர்தான். மூத்தவர் சென்னிமலை, அடுத்தவர் மயில்சாமி, கடைசி நான், தங்கசாமி. மல்லசமுத்திரம் போகும் சாலையில் மூவரும் சேர்ந்து கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி நடத்தினோம். எதிலும் இரண்டு பேர் சொல்வதே முடிவு என்று பெரியண்ணன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

எண்பத்து மூன்றாம் வருஷம், முட்டை வைக்கும் மிஷினுக்குள் சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஏற்றி அணைக்கும் ஒரே தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் எரிந்தது. அத்தனை முட்டையும் வெந்தது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அன்றுதான் வேலை வந்தது. தெர்மோஸ்டாட் ஒன்று இருந்தால் அது சொல்வதை நம்பியே ஆக வேண்டும். இரண்டு வைத்து அவை முரண்பட்டால் யாரை நம்புவது? மூன்று வைத்தேன். ‘சூடு போதாது’ என்று இரண்டு சொன்னால் ஹீட்டர் எரியும், இல்லாவிட்டால் அணையும். முதலில் ரிலே சுவிட்ச் வைத்துச் செய்தது டக் டக் என்று அடித்துக்கொண்டு தன் முனைகளையே கருக்கியது. பிறகு ஐ.சி. சில்லு வைத்து ஒரு போர்டு செய்தேன். கண் இமைப்பதற்குள் ஓட்டு எண்ணி முடித்துவிடும்.

பெரியண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர்களையெல்லாம் மிஷின் முன்னால் நிறுத்தி, “எலக்சன் மாதிரிங்க. ஒருத்தன் பொய் சொன்னாலும் ஒண்ணும் ஆவாது. என்ற தம்பி செஞ்சது” என்று ஒரு வயரைப் பிடுங்கிக் காட்டுவார். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், இனிப்பாகவும் இருக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம் மிஷின் கதவைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. நூறில் நிற்க வேண்டிய கண்ணாடித் தெர்மாமீட்டர் நூற்று நாலைத் தாண்டியிருந்தது. ஹீட்டரோ எரிந்துகொண்டிருந்தது. போர்டில் இரண்டு விளக்குகள் ‘சூடு போதாது’ என்றன. ஒன்று மட்டும் அணைந்து கிடந்தது. ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு அண்ணன்மார்களைக் கூப்பிட்டேன்.

போர்டைச் சோதித்தேன், சரியாக இருந்தது. மூன்று தெர்மோஸ்டாட்டையும் தனித்தனியாக வெந்நீரில் வைத்துப் பார்த்தேன், மூன்றும் நல்லபடி வேலை செய்தன. எல்லாம் சரி, ஆனால் முட்டை வேகிறது. தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மயில்சாமியண்ணன் கரண்டைத் திட்டினார். பெரியண்ணன் கண்ணேறு என்றார்.

கழற்றிய அவசரத்தில் கவனிக்கவில்லை, மூன்றையும் திருப்பி மாட்டப் போனபோதுதான் தெரிந்தது. பின்சுவரில் நான் வைத்திருந்த ஒன்றுக்கான ஆணி காலியாக இருந்தது. கதவோரம், வெளிக்காற்று வரும் ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரே ஆணியில் இரண்டுக்கான கயிறு தொங்கியது.

“இத இங்க மாத்துனது யாருங்க?”

“நாந்தேன் சாமி, போன வாரம்” என்றார் பெரியண்ணன். “பின்னால இருந்தா வாரவங்களுக்குத் தெரியறதில்ல.”

மழைக்காற்று இரண்டின் மேலும் சேர்ந்து வீசியிருக்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை, அங்கே குளிரத்தான் செய்தது. எண்ணிக்கைக்கு மூன்று ஓட்டு, உண்மையில் இரண்டு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவரிடம் குரல் உயர்த்திப் பழக்கமில்லை. காற்று விஷயத்தை மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே மூன்றையும் பழைய இடங்களில் மாட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

குஞ்சு வெளியே வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.

“கொட்டிரலாம்” என்றார் பெரியண்ணன். “சூடு பட்ட முட்டை. நொண்டிக் குஞ்சு வித்தோம்னா நம்ம பேரு போயிரும்.”

மயில்சாமியண்ணன் ஒரு முட்டையை விளக்கில் வைத்துக் காட்டினார். “அசையுது பாருங்க. உசுரோட இருக்கறதக் கொண்டுபோயிக் குழியில கொட்டறதுங்களா?”

“தங்கசாமி, நீ சொல்லு.”

நான் வாயைத் திறப்பதற்குள் மயில்சாமியண்ணன் முந்திக்கொண்டார். “அவனெ எதுக்குங்கண்ணா கேக்கறீங்க? நீங்களும் அவனும் ஒரே ஆணியில கட்டுனதுதானுங்க.”

சுரீர் என்றது. ஹேச்சரி தொடங்கிய நாளிலிருந்து நான் சொன்ன ‘ஆமாங்கண்ணா’க்கள் எல்லாம் காதில் வரிசையாகக் கேட்டன.

“வெச்சிருக்கலாங்கண்ணா” என்றேன்.

பெரியண்ணன் என்னை உற்றுப் பார்த்தார். கோபமில்லாமல்தான் கேட்டார். “நீயா சொல்றியா, அவன் பேசுன பேச்சுக்கு ரோசப்பட்டுச் சொல்றியா?”

உள்ளே தேடிப் பார்த்தேன். கொட்டுவதும் சரி என்று பட்டது, வைப்பதும் சரி என்று பட்டது. “தெரியலீங்கண்ணா.”

“அப்ப உன்ற ஓட்டு சேராது, ஒண்ணுக்கு ஒண்ணு” என்று அவர் உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் வாக்குவாதம் தொடங்கியது. நொண்டி என்று ஒருவர், உயிர் என்று ஒருவர். கதவு திறந்தே கிடந்தது. வெளியே மழை. தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றாறு என்று இறங்கியது. இடம் மாற்றி மாட்டிய மூன்று தெர்மோஸ்டாட்டும் மூன்று விளக்கையும் ஏற்றின. இருவரும் பார்க்கவில்லை. இவர்கள் பேசி முடிப்பதற்குள் குஞ்சுகள் உள்ளேயே குளிரில் செத்துப்போகும் என்று பட்டது.

யாரையும் கேட்காமல், அணைத்து வைத்திருந்த ஹீட்டர் சுவிட்சைப் போட்டேன்.

இருவரும் திரும்பினார்கள். “நொண்டி வந்தா?” என்றார் பெரியண்ணன்.

“என்ற தலையில போடுங்கண்ணா.”

அவர் எழுந்து வந்து, சூடு போகாமல் கதவை இறுக்கிச் சாத்தினார்.