திரும்பிப் போன கூலி

பஞ்சாயத்து அலுவலகத்தின் இரும்புக் கதவு பத்தரைக்குத்தான் திறந்தது. ஹுலிகெவ்வாவும் சரணவ்வாவும் எட்டு மணியிலிருந்து வாசலில் குந்தியிருந்தார்கள். நூறு நாள் வேலையில் ஏரி வண்டல் வெட்டிய நாற்பது நாள் கூலி இருவருக்கும் வரவில்லை. அவர்கள் தெருவில் யாருக்குமே வரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் செங்கல் சூளைக்காரனின் வண்டி வரும். கூலி வந்தால் ஏற வேண்டியதில்லை. வராவிட்டால் ஹுலிகெவ்வாவின் புருஷன் முன்பணத்துக்குக் கை நீட்டுவான். ஒன்பதாவது படிக்கும் மகள் ரேணவ்வாவையும் கூட்டிக்கொண்டு ஏழு மாசம் போக வேண்டும்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த வீரேஷ் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"மூணாந்தடவையும் திரும்பிப் போச்சு அக்கா. கிளை நம்பர் தப்பு."

"எங்க பேங்க் நம்பர் எப்படித் தப்பாகும்? பத்து வருசமா அதுலதானே கூலி வருது" என்றாள் ஹுலிகெவ்வா.

"உங்க பேங்கத்தான் பெரிய பேங்கோட சேத்துட்டாங்களே. இங்க இருந்த கிளையும் மூடியாச்சு. நம்பரும் மாறிப்போச்சு. பழைய நம்பருக்குப் பணம் போனா கதவுல முட்டிட்டுத் திரும்பிடும். உங்களுக்குப் புதுப் புஸ்தகம் குடுத்தாங்கல்ல, அத ஏன் காட்டல?"

புதுப் புத்தகம் மாசி மாசம் வந்தது. வீட்டுக்கு வரும் எந்தப் புதுப் பொருளையும் போல ஹுலிகெவ்வா அதற்கும் மஞ்சள் தடவி, ஹுலிகம்மன் படத்தடியில் வைத்தாள். யுகாதி வருசப்பிறப்புக்கு முன்னால் அதை எடுப்பதில்லை. தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். உள்ளே ஒரு எண் மாறியிருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வேலைக்குப் பெயர் எழுதும்போது பழைய புத்தகத்தை வாங்கி நகல் எடுத்தவன் இதே வீரேஷ்தான்.

"அன்னிக்கு நீ பாத்துத்தானே எடுத்த?"

"குடுத்தத எடுத்தேன்."

யுகாதி கழிந்து எடுத்து மடியில் வைத்திருந்த மஞ்சள் படிந்த புத்தகத்தை அவள் எடுத்து மேஜைமேல் போட்டாள். "இந்தா. இப்ப மாத்து."

"மாத்திடுறேன். இனிமே செய்யுற வேலைக்கு இதுல வரும். திரும்பிப் போன நாப்பது நாளுக்குத் தாலுகாவுல மறுபடி உத்தரவு போடணும். மூணு மாசம் ஆகலாம். தப்பு உங்க பக்கம்."

சரணவ்வா இடுப்பில் கை வைத்தாள். "ஏன்டா வீரேஷா, உங்கப்பன் பேர மாத்திக்கிட்டா நீ அப்பன் இல்லாதவனாயிடுவியா? கிளைய மூடினது பேங்க்காரன், நம்பர மாத்தினதும் அவன். பட்டினி மட்டும் எங்களுக்கா?"

வீரேஷ் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினான்.

"பணம் திரும்பிப் போச்சுன்னா மண்ணும் திரும்பிப் போகட்டும்" என்றாள் ஹுலிகெவ்வா. அவள் சத்தம் போடவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

ஏரியில் வேலை செய்துகொண்டிருந்த பெண்களிடம் இரண்டே வரியில் சொன்னாள். பிறகு கரைமேல் குவித்திருந்த வண்டலை மண்வெட்டியால் வாரிக் கூடையில் நிரப்பி, தாங்கள் வெட்டிய குழிக்குள்ளேயே கொட்டினாள். அடுத்த கூடையைச் சரணவ்வா கொட்டினாள். கொஞ்ச நேரத்தில் பதினெட்டுப் பெண்களும் வரிசையாக இறங்கினார்கள். காய்ந்த வண்டல் புகைபோல எழுந்து கண்ணில் விழுந்தது.

வேலை மேற்பார்க்கும் நிங்கப்பா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். "இஞ்சினியர் அளந்த குழிம்மா! பைத்தியமா உங்களுக்கு?"

"ஆமா. நாப்பது நாளா" என்றாள் சரணவ்வா.

அவன் மணி பார்த்தான். வேலைக்கு வந்தவர்களைப் போனில் படமெடுத்து ஆள் கணக்கு அனுப்ப வேண்டிய நேரம் முடியப்போகிறது. படம் போகாவிட்டால் அவனுக்கும் அன்றைய கூலி இல்லை. போனைத் தூக்கிப் பிடித்தான். தலையில் கூடையோடு பதினெட்டுப் பேர். மண் எந்தப் பக்கம் போகிறது என்பது படத்தில் தெரியவில்லை.

"போய்ச் சேந்துடுச்சு" என்றான்.

கரைமேல் சூளை வண்டியின் ஹாரன் விடாமல் அலறியது. ஹுலிகெவ்வா நிமிர்ந்து பார்த்தாள். புருஷன் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே பாத்திர மூட்டைகளுக்கு நடுவே ரேணவ்வா உட்கார்ந்திருந்தாள், பள்ளிக்கூடச் சீருடையில். கிழியாத துணி அவளுக்கு அது ஒன்றுதான்.