ஆத்தா இல்ல, ஐஸு

1
ஒப்புக்கொள்கிறேன். அம்பத்தூரில் குல்பியை அவசரமாகக் கடித்து, நெற்றி பிளந்த அரை நிமிடத்தில் கிடைத்த கதை இது. குப்பம்மாவை நான் பார்த்ததில்லை.

முதல் தொடக்கம்: 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி—' (அடித்துவிட்டேன். வெயில் என்றால் போதும்.)

2
வெயில். 1944 கிறிஸ்துமஸ். ஆவடிக்குப் பக்கத்தில் இந்தக் கதைக்காக நானே கட்டிய ராணுவக் கிடங்கு. மூட்டை தூக்குகிற பெண்களைத் தண்ணீர் குடிக்க விடவில்லை என்று மேஸ்திரி ஜம்புலிங்கத்தை எதிர்த்துப் பேசினாள் குப்பம்மா.

"நாளையிலேர்ந்து வராத" என்றார். அவள் கூலியில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

மதியம் சிப்பாய்கள் விருந்தில் மிஞ்சிய ஐஸ்கிரீம் கூலிகளுக்கு வந்தது. யாரும் அதற்குமுன் தின்றதில்லை. குப்பம்மா அதைக் கூழ் குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் இறக்கினாள். நெற்றியைப் பிடித்தாள். கண் செருகியது. உடம்பு ஆடியது.

"ஆத்தா வந்துட்டா! திருவேற்காட்டுத் தாயே!" என்று கூட மூட்டை தூக்கும் அன்னம்மாள் வேப்பிலை ஒடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மேஸ்திரி காலில் விழுந்தார்.

"இன்னா கொறை தாயே? சொல்லு, செய்றேன்."

3
[குளிர் மேலண்ணத்தில் சட்டென்று பட்டால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி, உடனே விரியும் என்கிறார்கள். அண்ணத்து வலியைச் சுமக்கும் நரம்புதான் நெற்றிக்கும். அதனால் வலி நெற்றியில் தெரிகிறது. மூளை உறைவதில்லை. கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும்.]

விட்டது. காலடியில் மேஸ்திரி. 'குப்பம்மாவுக்கு வேலை குடு' என்று ஆத்தா குரலில் ஒரு வாக்குப் போதும். மூன்று நாள் அவளை அப்படிச் சொல்லவைக்கப் பார்த்தேன். மசியவில்லை.

"எய்ந்திரு மேஸ்திரி. ஆத்தா இல்ல, ஐஸு. நான் குப்பம்மாதான்."

"சோதிக்காத தாயே!"

"நம்பலியா? இந்தா, மிச்ச ஐஸு. ஒரே மடக்கா முழுங்கு."

விழுங்கினார். "ஐயோ!" என்று இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்து உட்கார்ந்தார்.

"இன்னா மேஸ்திரி, உன் மேலயும் ஏறிட்டாளா?" என்றாள் அன்னம்மாள். வேப்பிலை இன்னும் கையில்தான்.

கிடங்கே சிரித்தது. குப்பம்மா சிரிக்கவில்லை.

"ஆத்தாளுக்குக் குடுக்கறேன்னியே, அதை எனக்குக் குடு. வேலை. நடுவுல தண்ணி. நான் கேக்கறேன்."

4
முடிவு ஒன்று: கொடுத்தார்.

முடிவு இரண்டு: ஊர் சிரித்த ஆத்திரத்தில் அவளை—

(நிறுத்திவிட்டேன்.)

சாமியாடியிருந்தால் முடிவை நானே எழுதியிருப்பேன். வேலை நிச்சயம். அந்த நிச்சயத்தை அவள் தள்ளிவிட்டாள். மேஸ்திரி இன்னும் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வலி விட்டுத் தலை தூக்கியதும் என்ன சொல்வார் என்பது உங்கள் பாடு. அவளைக் குனிய மட்டும் வைக்காதீர்கள். நான் முயன்று பார்த்துவிட்டேன், முடியாது.