துண்டுக்குள் ஒரு தீவு

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது கதையே அல்ல. 'சிறு தீவு நாடொன்றின் பொருளாதாரமும் முதலீட்டுச் சூழலும்' என்று ஒரு கட்டுரை. காரைக்கால்காரனுக்குக் கப்பலும் வெளிநாடும் தெரிந்திருக்கும் என்பது அவர் நினைப்பு. நான் பார்த்த ஒரே தீவு, அரசலாறு பெருகிய வருஷம் எங்கள் கொல்லையில் தலைநீட்டிக்கொண்டிருந்த ஆட்டுக்கல். அதில் முதலீடு செய்திருந்தது ஒரு கோழி. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். சரக்கு இல்லை என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் கடை நடத்தி என்னை வளர்த்த அத்தா கபுறுக்குழியிலிருந்து எழுந்து வந்துவிடுவார்.

2.

"அந்தத் தீவின் கடல் நீலமாக—"

(வேண்டாம். நீலக் கடலைப் பார்த்தவன் எழுதட்டும்.)

"சென்ற ஆண்டு கிராம்பின் விலை—"

(கிராம்பு விலை எனக்குத் தெரியும். வாசகர் தூங்கிவிடுவார் என்பதும் தெரியும்.)

"அல்லா பிச்சை தன் கிடங்கை விற்றுத் தீவில் போட முடிவு செய்தார்."

இது நிற்கிறது.

3.

அல்லா பிச்சை மரைக்காயர் நான் உண்டாக்கிய சரக்கு வியாபாரி. ஊர் காரைக்கால், வருஷம் 1954. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டுகிறார்கள் என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. அவர்கள் போனால் வரியில்லாமல் இறங்கும் சரக்கும் போகும், அல்லா பிச்சையின் பிழைப்பும் போகும். அதனால் அவருக்கு ஒரு தீவு* செய்து கொடுத்தேன். ஒரே பயிர், கிராம்பு. மாதம் ஒரு கப்பல். புதிதாக வருபவர்களுக்கு ஐந்து வருஷம் வரி கிடையாது.

(*பெயர் வைக்கவில்லை. வைத்தால் நாளைக்கே நம்மூரிலிருந்து ஒருவர் அங்கே கடை போடக் கிளம்பிவிடுவார்.)

இதுவரை பொருளாதாரம். முதலீட்டுச் சூழல் என்னவென்றால், கிடங்கு அவருடையது அல்ல. எங்கள் வழக்கப்படி கல்யாணத்தில் பெண் வீட்டார் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தது. மனைவி பத்ருன்னிசாவின் சொத்து.

4.

கிடங்கை வாங்க நெரவியிலிருந்து நெல் வியாபாரி அம்பலவாணன் வீட்டுக்கு வந்தார். விலையை வாயால் சொல்லும் பழக்கம் இல்லை. இரண்டு கைகள் துண்டுக்கடியில் கோத்துக்கொள்ளும், விரல்கள் பேசும்; எத்தனை விரல் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. மற்றவர்களுக்கு முகம் மட்டும்தான் தெரியும். அல்லா பிச்சையின் முகம் அதில் பெயர் பெற்றது. அசையாது.

"அந்தத் தீவுல என்ன இருக்கு, மரைக்காயரே?"

"கிராம்பு."

"அப்புறம்?"

"வரி இல்ல."

"இல்லாததச் சொல்லாதீங்க. இருக்கறதச் சொல்லுங்க."

இந்த இடத்தில் திரைக்குப் பின்னால் பத்ருன்னிசா அழுவதாக எழுதியிருந்தேன். அழ மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஒத்த மூட்டை வச்சிருக்கற கடைக்கு நீங்க கடன் குடுப்பீங்களா, மச்சான்? கிராம்பு படுத்துட்டா அந்த நாடு எதை விக்கும்?"

(ஆசிரியர் கேட்ட கட்டுரை இத்தோடு முடிந்தது. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசியிருப்பதால் தொடர்கிறேன்.)

"பிரெஞ்சுக்காரன் போனப்பறம் உன் கிடங்குல எலிதான் இருக்கும், புள்ள!"

நான் பேனாவுக்கு மை போட்டேன்.

பிறகு திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவங்க துண்ட வாங்கிட்டு இங்க வாங்க. சரக்கு என்னோடது. மொதல்ல என்கிட்ட பேசுங்க. கிடங்கு முழுசும் அஞ்சு விரல். எத்தனை தீவுக்கு, எத்தனை இங்கன்னு புடிங்க."

அம்பலவாணன் சிரிக்காமல் துண்டை எடுத்துக் கொடுத்தார். அல்லா பிச்சை திரைக்குள் கையை விட்டார்.

5.

முடிவு ஒன்று: ஐந்து விரலும் தீவுக்கு. கிராம்பு ஏறுகிறது. அல்லா பிச்சை மோட்டார் வாங்குகிறார். (ஓட்ட அவருக்குத் தெரியாது. எனக்கும்.)

முடிவு இரண்டு: ஒரு விரலும் இல்லை. கிடங்கில் எலி.

முடிவு மூன்று: பாதிப் பாதி— (ஐந்து விரலில் பாதி எது? கணக்குத் தெரியாதவன் பொருளாதாரம் எழுதினால் இப்படித்தான்.)

உண்மையில் எனக்குத் தெரிந்தது அவர் முகம் மட்டும். எத்தனையோ பேரத்தில் அசையாத அந்த முகம் அசைந்தது.

"எத்தனை விரல், மரைக்காயரே?" அம்பலவாணனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் முடியல."

"இவ்வளவு நேரமா?"

"கைய விட மாட்டேங்கறா."

இதற்கு மேல் விலை வைக்க எனக்குத் துணிவில்லை. இந்தாருங்கள் துண்டு, கையை உள்ளே விடுங்கள். எத்தனை விரல் என்று நீங்கள்தான் பிடிக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள நினைக்காதீர்கள். நானும் வியாபாரி வீட்டுப் பிள்ளைதான்.