மூன்றாம் பெட்டி

கடந்த ஒரு வருடமாக என் தம்பி விதுஷனை நான் "பேராசிரியர்" என்று அழைத்து வருகிறேன். மரியாதையினால் அல்ல, பந்தயத்தில் தோற்றதனால். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சூரிச், டொரொண்டோ, லண்டன், யாழ்ப்பாணம் என்று நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். அத்தனை பேர் பார்க்க, தினமும் "காலை வணக்கம், பேராசிரியர்" என்று நான் எழுத வேண்டும். அவனும் தவறாமல் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு எமோஜியைப் பதிலாகப் போடுவான். சின்ன வயதில் அவனுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் நான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நாங்கள் இருக்கும் சுவிட்சர்லாந்தில், ஆரா என்ற ஊரில் ஒரு கணினிக் கழகம் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு போட்டி வைப்பார்கள். ஐநூறு பிராங்குக்குள் பாகம் பாகமாக வாங்கி ஒரு கணினியைப் பூட்ட வேண்டும். பழைய சாமான் என்றாலும் பரவாயில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். பிறகு அதை ஓவர்குளொக் செய்ய வேண்டும். அதாவது, செய்தவன் எழுதிவிட்ட வேகத்துக்கும் மேலே அதை விரட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் எந்தக் கணினி கூடுதலாகக் கணக்குச் செய்கிறதோ அது வெல்லும். இடையில் நின்றுபோனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். எங்கள் இருவரில் பின்தங்கியவர் மற்றவரை ஒரு வருடம் "பேராசிரியர்" என்று அழைக்க வேண்டும், அதுதான் பந்தயம்.

போன வருடம் என்னுடையது நாலாவது நிமிடத்தில் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டது. காரணம் ரேம். மலிவு என்று வாங்கிய அந்த நினைவகப் பலகைகளுக்குச் சொன்ன வேகத்தில் ஓடவே மூச்சு வாங்கியது. நான் அதை இன்னும் விரட்டினேன். விதுஷன் வங்கியொன்றில் கணினித் துறையில் வேலை செய்கிறவன். நான் ஷ்லீரனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். "அக்கா, நீங்கள் சூப்பைக் கிண்டுங்கோ, இதை நான் பாக்கிறன்" என்றான், எல்லோருக்கும் கேட்க.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. கழகத் தலைவர் ரெட்டோ, ஒலிவாங்கியும் கையுமாகத் திரிகிற மனிதர், என்னிடம் வந்து, வீட்டில் கணவர் உதவி செய்வதில்லையா என்று கேட்டார். தோற்ற எரிச்சலில் இருந்த நான், "அவரா? அவர் கம்ப்யூட்டர் உடைக்கிறவர்" என்று ஜெர்மனில் சொன்னேன். மண்டபம் முழுவதும் சிரித்தது. என் குளிர்க்கோட்டையும் நான் பொரித்த ரோல்ஸ் பலகாரப் பெட்டியையும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற என் கணவர் ஜெகனும் சிரித்தார். அவரே சிரித்தபடியால் நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

சொன்னது பொய்யும் அல்ல. ஜெகன் என்கிற ஜெகதீஸ்வரன் பதின்மூன்று வருடமாக மின்சாதனக் கழிவு பிரிக்கும் ஒரு நிலையத்தில் வேலை செய்கிறார். சுவிஸ்காரர் கைவிட்ட கணினிகளைக் கழற்றிப் பிரித்துப் போடுவதுதான் வேலை. வீட்டுக்கு வந்தால் சோறு, செய்தி, நித்திரை. என் கணினிப் பைத்தியத்தில் அவர் தலையிட்டதில்லை. நானும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த வருடம் எல்லாம் சரியாக அமைந்தது. தாய்ப்பலகை, புரொசெசர், மின்வழங்கி என்று பழையதாகவும் நல்லதாகவும் பொறுக்கி எடுத்தேன். ரேமுக்கு மட்டும் தொண்ணூற்றைந்து பிராங்க் மிச்சம். ஆனால் ரேம் விலையோ தங்கத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறியிருந்தது. மூன்று கிழமை இணையத்தில் சல்லடை போட்டுத் தேடி, ஓர்லிகோனில் ஒரு மாணவன் விற்கிற இரண்டு பலகைகளைக் கண்டுபிடித்தேன். சிவப்பு உலோகச் சட்டை, மேலே முள்ளுமுள்ளாகச் செதில், நெற்றியில் மூவாயிரத்து அறுநூறு என்று வேகம். விலை சரியாகத் தொண்ணூற்றைந்து. போட்டிக்கு ஒரு கிழமைதான் இருந்தது. சனிக்கிழமை எனக்கு வேலை. காசை ஜெகனிடம் கொடுத்து, ஓர்லிகோன் ஸ்டேசனில் அந்தப் பெடியனைச் சந்தித்து வாங்கி, ரசீதும் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல மூன்று தரம் சொன்னேன்.

நான் வேலை முடிந்து வந்தபோது அவர் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கை சிவப்பு?" என்றேன்.

"வாங்கேல்லை."

"பெடியன் வரேல்லையோ?"

"வந்தவன். நல்ல பெடியன். பத்து நிமிசம் நிண்டு கதைச்சனாங்கள்."

"அப்ப ஏனப்பா வாங்கேல்லை?"

"சாமான் சரியில்லை, மனோ."

இதைச் சொல்லிவிட்டு, தன் வேலைக் கோட்டின் பையிலிருந்து பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிரித்தேன். உள்ளே இரண்டு பச்சைப் பலகைகள். சட்டை இல்லை, செதில் இல்லை. ஏதோ அலுவலகக் கணினிக்குள் பத்து வருடம் கிடந்த முகம். ஒட்டியிருந்த தாளில் வேகம் இரண்டாயிரத்து நூற்று முப்பத்து மூன்று என்று இருந்தது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வேலைக் கோட்டு, பழைய பலகை, இவருடைய வேலை. மூன்றையும் கூட்டிப் பார்த்த என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"வேலையிடத்திலை இருந்து எடுத்துக்கொண்டு வந்தனீங்களோ?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவருடைய வேலையிடத்தில் ஒரு ஆணியை எடுத்தாலும் வேலை போய்விடும். அது எனக்கும் தெரியும்.

"பதின்மூண்டு வருசம், மனோ. ஒரு ஸ்குரூ கூட என்ரை பொக்கற்றிலை வீட்டை வந்ததில்லை" என்றார். சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து, மடிப்பு நீவி, பலகைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஓர்லிகோன் ஸ்டேசனுக்குக் கிட்ட இருக்கும் பழம்பொருள் கடையின் ரசீது. பதினெட்டு பிராங்க். மிச்சம் எழுபத்தேழும் அதன் மேல் இருந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் கூடும், அது பிறவிக் குணம். "ஏன் இதை வாங்கினீங்கள் எண்டாவது சொல்லுங்கோவன்!" என்று கத்தினேன்.

"இரும், சொல்லுறன். நான் ஒரு நாளைக்கு எண்பது கம்ப்யூட்டர் கழட்டுறன். ரேம் எல்லாத்தையும் மூண்டு பெட்டியாப் பிரிக்கவேணும். முதலாம் பெட்டி நொறுக்கப் போறது. ரெண்டாம் பெட்டி பள்ளிக்கூடங்களுக்கு. மூண்டாம் பெட்டி உம்மை மாதிரிப் பைத்தியங்களுக்கு. அதை மனேச்சர் தானே வந்து எண்ணி எடுப்பார்."

"எப்பிடிப் பிரிக்கிறது?"

"சிப்பிலை எழுதியிருக்கும். இந்தக் கொம்பனிச் சிப்பிலை கடைசி ரெண்டு எழுத்து டபிள்யூ, பி எண்டா மூண்டாம் பெட்டி. இஞ்சை பாரும்." பச்சைப் பலகையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பொடி எழுத்து. டபிள்யூ, பி. "அந்தச் சிவப்புச் சட்டையை நான் ஆயிரம் தரம் உரிச்சிருப்பன். லேபிள் மூலையிலை இருந்த நம்பரைப் பாத்தனான். உள்ளுக்கை முதலாம் பெட்டிச் சாமான். பதினெட்டுக்கு இது கிடக்க, தொண்ணூற்றைஞ்சுக்கு அதை வாங்க எனக்கு மனம் வரேல்லை."

நான் பலகையை வாங்கி அந்தப் பொடி எழுத்தைத் திரும்பவும் பார்த்தேன். அந்தச் சிப்பைப் பற்றி நான் வருடக்கணக்காக வாசித்திருக்கிறேன். எவ்வளவு விரட்டினாலும் ஓடும் என்று எல்லோரும் புகழும் சிப். அது விலை கூடிய பெட்டிகளுக்குள்தான் வாழும் என்று நினைத்திருந்தேனே தவிர, பழம்பொருள் கடையில் கரண்டிகளுக்குப் பக்கத்தில் கிடக்கும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் முழுதாக நம்பவில்லை. அந்த மாணவனுக்குச் செய்தி அனுப்பினேன், நாளைக்கே நானே வந்து எடுக்கிறேன் என்று. விற்றாகிவிட்டது என்று பதில் வந்தது.

யாருக்கு என்பது இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தது. குடும்பக் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. சிவப்புச் சட்டை, செதில், மூவாயிரத்து அறுநூறு. கீழே விதுஷன் எழுதியிருந்தான்: "பேராசிரியரின் புதிய ஆயுதம்!"

"இன்னும் ஒரு வருசம்" என்று நான் தலையில் கை வைத்தேன். நாற்பத்து மூன்று பேர். முந்நூற்று அறுபத்தைந்து காலை வணக்கம்.

"நாளைக்குப் பூட்டிப் பாருமன்" என்றார் ஜெகன், பருப்பை ஊற்றிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை பூட்டினேன். வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பரிசோதனையை ஓடவிட்டுப் பிழை வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாயிரத்து எண்ணூறில் பிழை இல்லை. மூவாயிரத்து இருநூறில் பிழை இல்லை. இனி விழும், இனி விழும் என்று காத்திருந்தேன். கத்தரிக்காய் பொரித்து முடித்து வந்து பார்த்தபோது மூவாயிரத்து அறுநூறில் பச்சைப் பலகை தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மின்னழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி, மூவாயிரத்து எண்ணூறுக்குப் போனேன். அதிலும் ஒரு பிழை வரவில்லை. நான் மேசையில் தட்டிய தட்டில் கீழ்வீட்டு அம்மா மேலே பார்த்திருப்பார்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். இணையத்தில் முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். எதிரில் இருந்து சோறு சாப்பிடுகிற மனிதரைக் கேட்கவில்லை.

"என்னவாம்?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"பரவாயில்லை" என்றேன்.

பரவாயில்லை! அந்த ஒரு சொல்லுக்கே அவர் மகிழ்ந்துபோய் கத்தரிக்காயைச் சாப்பிடப் போனார். நேற்று கேட்ட கேள்விக்கு மன்னிப்பும் நான் கேட்கவில்லை. நாக்கு எழும்பவில்லை.

போட்டியன்று பதினொரு கணினிகள். விதுஷன் எனக்குப் பக்கத்து மேசை. அவன் பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு வைத்து, சிவப்புச் செதில் தெரியும்படி விளக்கும் போட்டிருந்தான். என் பச்சைப் பலகைகளை எட்டிப் பார்த்து, "அக்கா, இது மியூசியத்திலை இருந்தோ?" என்றான்.

"ஓம் தம்பி. நீ உன்ரை வேலையைப் பார்."

ரெட்டோ மணி அடித்தார். மண்டபத்தில் வெப்பமூட்டி முழுவீச்சில் வேலை செய்தது. நாலாவது நிமிடம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்; திறந்தபோது என் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆறாவது நிமிடம், பக்கத்து மேசையில் நீல வெளிச்சம். நான் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. "ஷைஸ்ஸே!" என்று என் தம்பி ஜெர்மனில் வைதது மண்டபம் முழுவதும் கேட்டது. எட்டு, ஒன்பது. ரெட்டோ பத்து என்று கத்தியபோது நானும் கத்தினேன்.

முதலிடம் ஓய்வுபெற்ற ரயில் பொறியாளர் ஒருவருக்குப் போனது. எனக்கு இரண்டாமிடம். ரெட்டோ ஒலிவாங்கியோடு வந்தார். இந்தப் பதினெட்டு பிராங்க் ரேமை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்.

நான் மண்டபத்தின் பின்பக்கம் பார்த்தேன். ஜெகன் அங்கே என் கோட்டோடும் ரோல்ஸ் பெட்டியோடும், போன வருடம் நின்ற அதே இடத்தில் நின்றார். அப்போதுதான் அந்தப் போன வருடச் சிரிப்பு எனக்கு நினைவு வந்தது. எவ்வளவு கெட்டியான மனிதர்! ஒரு வருடமாக அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லையே.

"நான் தேர்ந்தெடுக்கவில்லை" என்று ஜெர்மனில் சொன்னேன். "என் கணவர் தேர்ந்தெடுத்தார். அவர் ஒரு நாளைக்கு எண்பது கணினியைத் திறக்கிறவர். உள்ளே என்ன இருக்கிறது என்று இந்த மண்டபத்தில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. போன வருடம் அவர் கம்ப்யூட்டர் உடைக்கிறவர் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். சொன்னது என் பிழை." பிறகு ஒலிவாங்கி இருப்பதையும் மறந்து தமிழில், "இஞ்சேரப்பா, அண்டைக்குக் கேட்டதும் என்ரை பிழைதான்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெகன் வெப்பமூட்டியை ஏதோ முதல்தடவை பார்ப்பவர்போல ஆராயத் தொடங்கினார்.

அவரை அப்படி விட்டுவைக்கவில்லை. ரயில் பொறியாளர்தான் முதலில் தன் பலகையைக் கழற்றிக்கொண்டு போய் நீட்டினார். பிறகு ஒரு வரிசையே நின்றது. ஜெகன் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பி, "இரண்டாம் பெட்டி", "முதலாம் பெட்டி, மன்னியுங்கோ" என்று தன் ஜெர்மனில் தீர்ப்புச் சொன்னார். வரிசையின் கடைசியில் சிவப்புச் செதிலோடு விதுஷன்.

"அத்தான், இது?"

ஜெகன் அவன் தோளில் கை வைத்து ஒரு ரோல்ஸைக் கொடுத்தார். "முதலிலை இதைச் சாப்பிடும்" என்றார்.

திரும்பி வரும் ரயிலில் குழுவில் செய்தி வந்தது. பந்தயம் பந்தயம்தானே, விதுஷன் எழுதியிருந்தான்: "வாழ்த்துகள், பேராசிரியர் அக்கா." ஒரு வருடம் காத்திருந்த சொல். அதை ஆசை தீரப் பார்த்தேன். பிறகு பதில் எழுதினேன்: "பேராசிரியர் நானில்லை. அத்தானைக் கூப்பிடு."

அரை நிமிடத்தில் வணக்கங்கள் வரத் தொடங்கின. "மாலை வணக்கம், பேராசிரியர் அத்தான்." "பேராசிரியர் மாமா!" "பேராசிரியர் சித்தப்பாவுக்கு டொரொண்டோவிலிருந்து வணக்கம்." ஜெகனின் போன் கோட்டுப் பைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி வாசித்தார். முடிந்ததும் மேலே போய்த் திரும்பவும் வாசித்தார்.

"மனோ, நான் பள்ளிக்கூட ஓ.எல். சோதினை கூடப் பாஸ் பண்ணேல்லையே" என்றார் மெல்ல.

"அவைக்கு அது தெரியத் தேவையில்லை" என்றேன். "வணக்கம் சொல்லியிருக்கினம். பதில் எழுதுங்கோ, பேராசிரியர்."

ஷ்லீரன் வரும்வரைக்கும் எழுதினார். எங்கள் இரண்டு பேரையும் தவிர்த்த நாற்பத்தொரு பேருக்கும் தனித்தனியாக.