எடை பார்த்த ஞாயிறுகள்

சாவி மூன்றாவது முறைதான் திரும்பியது. அவள் மரப்பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டு, அறைக் கதவைக் காலால் சாத்தினாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

"அக்கா, சீக்கிரம்," என்றான் தம்பி வெளியிலிருந்து. "வண்டி வர்றதுக்குள்ள இவரு பாத்து ஒரு விலை சொல்லிட்டா எனக்கு ஒரு வேலை முடியும்."

"மொதல்ல அக்கா எடுத்து அடுக்கட்டும் தம்பி," என்றார் காசுக் கடைக்காரர். "என்ன அவசரம், ரயிலையா புடிக்கப் போறோம்?"

"நான் ஃப்ளைட்டு புடிக்கணும். நாளைக்குக் காலைல."

பழைய காசுகளை வாங்கி விற்கும் அந்தக் கடைக்காரர் வேண்டுமென்றே நேரம் கடத்துகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. அவருக்குத் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் அப்பாவின் பெட்டியிலேயே விலை உயர்ந்த வெள்ளிக் காசை அவரிடம்தான் கொண்டுபோனாள். கணவனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப ஏஜென்டுக்குக் கட்ட வேண்டியிருந்தது. அவர் காசைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இது தராசு வீட்டுக் காசு. நான் வாங்க மாட்டேன். நீ இங்க வரவும் இல்ல. போம்மா," என்றார்.

கணவன் வேறெங்கோ பணம் புரட்டிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். காசு மட்டும் அவள் கைப்பையின் ஜிப் அறையில் தங்கிவிட்டது.

தராசு என்பது அப்பாவுக்கு ஊர் வைத்த பெயர். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போலிக் காசைக் கண்டுபிடிக்க நாலு ஊரிலிருந்து அவரைத் தேடி வருவார்கள். காலையில்கூடத் துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டுக்காரி, "மருமகன் போட்ட மோதிரத்தையே மேடையில உரசிப் பாத்த மனுசனாச்சே," என்று சொல்லிவிட்டு, சிரிப்பு வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பேர்ப்பட்டவரை ஏமாற்ற அவள் அப்பாவின் சரக்கையே பயன்படுத்தினாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் போலிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் தனியாக வைத்திருந்தார். அதில் ஒரு வெள்ளிக் காசு, உலோகத்தில் பொய்யில்லாதது. வருடத்தில் மட்டும்தான் பொய். சாதாரண வருடத்துக் காசில், கடைசி எண்ணான எட்டின் இடப்பக்கத்தை எவனோ செதுக்கி மூன்றாக்கியிருந்தான். மூன்றில் முடியும் காசுக்குத்தான் விலை. சுண்டினால் நல்ல ஒலி, காந்தமும் இழுக்காது. அதைப் பெட்டியில் வைத்துவிட்டு நிஜத்தை எடுத்தாள். இன்று கடைக்காரர் லென்ஸை வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். அப்பா ஏமாந்தவர் ஆவார், அல்லது அவள் திருடி ஆவாள்.

அந்தக் காசு இருக்கும் பதினேழாம் எண் பொட்டலத்தை எடுத்தாள். மற்றவற்றைவிடத் தடிமனாக இருந்தது.

உள்ளே காசோடு நான்கு தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. முதல் தாளின் தலைப்பில் அப்பாவின் குண்டெழுத்து: "நிஜத்தின் எடை 11.64." கீழே பென்சிலில் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கு எதிரேயும் ஓர் எடை. 11.52. 11.52. 11.52. தாளின் முன்னும் பின்னும், அடுத்த தாளிலும், அதற்கடுத்ததிலும்.

எடையை அவள் நினைத்தே பார்க்கவில்லை. ஒவ்வொரு காசும் அதனதன் தேய்மானத்துக்கு ஏற்ற ஓர் எடை வைத்திருக்கும்.

முதல் தேதி, அவள் காசை எடுத்த வாரத்து ஞாயிறு. எல்லாமே ஞாயிறுகள். நடுவில் ஓர் இடத்தில் ஐந்து வாரம் விட்டிருந்தது. மஞ்சள் காமாலையில் அவள் படுத்திருந்த ஐந்து வாரம்.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வருவாள். அவள் வந்து உட்கார்ந்ததும் அவர் எழுந்துகொள்வார். "டீ குடிச்சிட்டு வரேன்." வீட்டிலேயே டீ போட்டுக் கொடுத்தாலும் அதைக் குடித்துவிட்டுப் போவார். போனால் அரை மணி நேரம். சாவி பெட்டி மேலேயே கிடக்கும். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். அந்த அரை மணி நேரமும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி இருப்பாள். அவருக்குத் தெரியாததை நாமே ஏன் கிளற வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்.

அவள் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். 'பீப்.' மின்தராசைப் போடும் சத்தம். இன்னும் யார் காசையோ நிறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு படியிறங்குவாள்.

கடைசித் தேதி போன ஞாயிறு. எழுத்து கோணலாக இறங்கியிருந்தது. 11.52.

"அக்கா, வண்டி தெருமுனைக்கு வந்திருச்சாம்."

"இதோ."

பெட்டிக்குப் பக்கத்திலிருந்த மின்தராசின் பொத்தானை அழுத்தினாள். 'பீப்.' முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பவில்லை. கைப்பையிலிருந்து காசை எடுத்துத் தட்டில் வைத்தாள். எண்கள் தடுமாறி நின்றன. 11.64.

தாள்களைக் கிழித்துப் போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. பென்சில் பெட்டியின் ஓரத்தில் இருந்தது. நான்காம் தாளின் அடியில் ஒரு வரிக்கு இடமிருந்தது. இன்றைய தேதியை எழுதினாள். புதன்கிழமை. எதிரே எடையை எழுதினாள். நிஜத்தையும் தாள்களையும் பொட்டலத்தில் வைத்தாள். செதுக்கியதை எடுத்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அதன் வெற்றுப் பொட்டலத்தை அவர் தூக்கிப் போடாமலே வைத்திருந்தார்.

அவள் கதவைத் திறந்ததும் கடைக்காரர் உள்ளே வந்து பதினேழாம் எண்ணைப் பிரித்தார். லென்ஸை எடுக்கவில்லை. தாள்களைத்தான் முதலில் பார்த்தார், கடைசி வரி வரைக்கும்.

"சரியா இருக்கா?" என்றான் தம்பி.

"சரியா இருக்கு."

தம்பி தாளை வாங்கிப் புரட்டினான். "என்ன இது, வெறும் தேதியா எழுதி வெச்சிருக்காரு?"

கடைக்காரர் வாயைத் திறக்கப் போனார்.

"நான் வந்த நாளு," என்றாள் அவள்.

"நீ வந்த நாளா? எதுக்கு எடை?"

"அப்புறம் சொல்றேன். நீ ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி சொல்றேன்."

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். குளிர்பெட்டியின் வயரைப் பிடுங்கினார்கள். இரைச்சல் நின்றது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வாசலைத் தாண்டினார்கள். வீட்டில் யாரும் இல்லை.

அவள் கடைசியாக வந்து ஒரு செருப்பை மாட்டினாள். மற்றதை மாட்டாமல் நின்றாள்.

"அக்கா, வா," என்றான் தம்பி வண்டியிலிருந்து.

"ஒரு நிமிசம்டா," என்றாள். காது வீட்டுக்குள் இருந்தது.